கையுறை விசாரித்த அண்ணிக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த லீதா அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் வில்லிஸ் எழுதுவது. இங்கே நான் நலம். தெல்மாவும் நலம், என் மேல் கோபமாக இருப்பதைத் தவிர. கால்கரியில் நீங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். அங்கே கடல் இல்லாத குறை ஒன்றுதான், அதை யாராலும் தீர்க்க முடியாது.

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமைப் படகுப் பந்தயத்துக்கு வரலாமா என்று யோசிப்பதாகவும், கை மெத்தென்று ஆகிவிட்டதால் கயிறு பிடிக்க எந்தக் கையுறை நல்லதென்று நான் விசாரித்து எழுதினால் முடிவு சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆல்டன் அண்ணன் போனதிலிருந்து அவருடைய பாய்மரப் படகு எங்கள் கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. நான் சுக்கான் பிடித்தால் பாய்க்கயிறு பிடிக்க ஆள் வேண்டும். நீங்கள் வந்தால்தான் அது மறுபடி தண்ணீரைப் பார்க்கும். அதனால் இந்தக் கையுறை விஷயத்தில் உயிரைக் கொடுத்து இறங்கினேன்.

துறைமுகத்துக் கடை ஃபாஸ்டர், "இறுக்கமா இருக்கணும் வில்லிஸ். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளிய இருக்கணும், இல்லன்னா முடிச்சு அவுக்க முடியாது" என்றார். நான் கேட்டேனா? தாராளமாக இருக்கட்டும் என்று முழுவிரல் கையுறையை ஓர் அளவு பெரிதாகவே வாங்கி வந்து, தெல்மாவின் துணிக்கொடியில் சோதித்தேன். நம் ஊர்க் கொடிக்குத்தான் இரண்டு பக்கமும் உருளை உண்டே, இழுத்தால் ஓடுமே, இழுத்தேன், ஓடியது, விரல் நுனியில் தொங்கிய கையுறைத் துணி உருளைக்குள் போனது, கை எப்படியோ வெளியே வந்துவிட்டது, கையுறை வரவில்லை, கொடி அறுந்து தெல்மாவின் உள்பாவாடை காற்றோடு போய்ப் பாதிரியார் வீட்டு வேலியில் உட்கார்ந்தது. "கயிறு பிடிக்கத் தெரியாத மனுசனுக்குக் கையுறை ஒரு கேடா?" என்று கேட்டாள்.

அடுத்தது ஆட்டுத்தோல். அளவும் சரி, இரண்டு விரலும் திறந்தது. கடல்நீர் தாங்குமா என்று வாளியில் கொண்டுவந்து நனைத்து, சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்பின் மேல் வைத்தேன். காலையில் கருவாடு மாதிரி விறைத்திருந்தது. நாயும் அப்படித்தான் நினைத்துவிட்டது.

அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். துறையில் நாங்கள் கையுறை மாட்டும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாரே. "டேய் வில்லிஸ், எனக்குக் கடவுளே தோல் தச்சு அனுப்பியிருக்கான். உனக்குத் தைக்க மறந்துட்டானா?" உங்கள் படகு கடைசியாக வந்து, எல்லோருக்கும் மீன் சூப் ஊற்றும் தண்டனை உங்களுக்கு விழுந்த அன்று, பானையை வெறுங்கையால் தூக்கப் போய் அலறிக் கீழே வைத்தார். பானைதான் மோசமான பானை என்றார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தீர்கள். அவர் இல்லாத புதன்கிழமைகள் எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணி.

ஆகவே என் தீர்ப்பு, கையுறையே வேண்டாம். அண்ணனைப் போல வெறுங்கையோடு வாருங்கள்.

கர்த்தரும் காற்றும் உங்கள் பக்கம் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
கொழுந்தன் வில்லிஸ்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன் படகை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தார்ப்பாயை விலக்கி ஏறினேன். மிதவைச் சட்டைகளுக்கு அடியில் ஒரு ஜோடி தோல் கையுறை. அண்ணன் கை அளவு. இரண்டு விரல் நுனி வெட்டியது. துறையில் விரித்துக் காட்டிய கைகள், படகு துறைமுக முனையைத் தாண்டியதும் இதற்குள்தான் போயிருக்கின்றன. உள்ளங்கை தேய்ந்த இடமெல்லாம் பச்சை நூல் தையல். நம் குடும்பத்தில் எதையும் பச்சை நூலில் தைப்பவர் ஒருவர்தான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லையே அண்ணி, நீங்களா என்னிடம் கையுறை விசாரிக்கிறீர்கள்? வருகிறேன் என்று நேராகவே எழுதியிருக்கலாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இடது கையுறையில் ஒரு தையல் விட்டிருக்கிறது. நூலோடு வாருங்கள்.