எண்பத்து நான்கு சாமான்கள்

சட்பரி நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா ஃபென்விக், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு நான்கு இரவு தங்க இடம் பிடித்தாள். ஏழு மணி நான்கு நிமிடத்துக்கெல்லாம் அந்தப் பூங்காவின் ஏரிக்கரை முழுவதும் தீர்ந்துவிட்டது. இயற்கையை ரசிக்க விரும்புகிறவர்கள் அந்த நான்கு நிமிடத்துக்குள் விரும்பிவிட வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் ஏற்பாடு.

டார்லாவுக்கு ஏரியின்மேல் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது. மகள் ஜோனி செப்டம்பரில் ஹாலிஃபாக்ஸுக்குப் படிக்கப் போகிறாள். போனால் கிறிஸ்துமஸுக்கு வருவாள், பிறகு அதற்கும் வரமாட்டாள். அதற்குள் நான்கு நாளாவது, தொலைபேசி வேலை செய்யாத ஓர் இடத்தில், பெண்ணை எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இருபத்தோரு வருடமாக அடுத்தவர் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தபடி வண்டி ஓட்டியவளுக்கு இது பெரிய ஆசையில்லை.

ஜூலையில் பூங்காவிலிருந்து ஆயத்தப் பட்டியல் வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தின வருடம் யாரோ ஒருவர் டப்பா திறப்பான் கொண்டுவராமல் வந்து, பக்கத்துக் கூடாரத்தில் இரவல் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கூடாரக்காரர் அமைதி குலைந்ததாகப் புகார் எழுதினார். ஐந்து பேர் கொண்ட குழு எட்டு மாதம் விசாரித்து, இனி இப்படியொரு துயரம் நிகழாதிருக்கும் பொருட்டு எண்பத்து நான்கு சாமான்களைக் கட்டாயமாக்கியது. டப்பா திறப்பான் நாற்பத்தேழாவது. முப்பதாவது, மழைக்கான எழுத்துபூர்வமான திட்டம். அறுபத்திரண்டாவது, குடும்ப உறுப்பினர்களிடையே மனஸ்தாபம் ஏற்படும் பட்சத்தில் பயன்படுத்தத்தக்க சீட்டுக்கட்டு ஒன்று. கடைசியில், எல்லாச் சாமான்களும் உடனடியாக எடுக்கத்தக்க வகையில் மேலாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு.

"எல்லாமே மேல இருக்கணும்னா கீழ எது இருக்கும்?" என்று டார்லா தொலைபேசியில் பூங்கா அலுவலகத்தைக் கேட்டாள்.

"கீழ எதுவும் இருக்கக் கூடாதுங்க. அதான் விதியோட நோக்கமே," என்றது மறுமுனை.

அவளுடைய கணவன் மெர்வின் கொதிகலன் பழுது பார்ப்பவன். பொதுவாகச் சாதுவான ஆள். ஆனால் அந்த வருடம் அவனைக் குறைந்த பாரம் என்ற கொள்கை பிடித்திருந்தது. காட்டுக்குப் போகிறவன் இறகுபோலப் போக வேண்டும், நகரத்துச் சுமைகளை வீட்டிலேயே கழற்றி வைக்க வேண்டும் என்று தாடி வைத்த யாரோ இணையத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு அவரே கடையும் வைத்திருந்தார். மெர்வின் மடிக்கிற கெட்டில் வாங்கினான், மடிக்கிற வாளி வாங்கினான், மூச்சளவு எடையில் ஒரு கரண்டி வாங்கினான். வீட்டிலிருந்த பழைய கரண்டிக்கு அவமானமாக இருந்திருக்கும். பாரம் குறைக்கும் சாமான்கள் காரில் அடங்காமல் போனதால் கூரைமேல் வைக்கிற பெரிய பெட்டியொன்றையும் வாங்கினான்.

ஒரு நாள் காலை ஜோனி குளியலறையிலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தாள். தலை மட்டும் இருந்தது, கைப்பிடி இல்லை.

"ப்பா, இத ஏன் வெட்டினே?"

"பதினோரு கிராம் குறையுது."

"நாம காருலதானே போறோம்?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஜோனி தன் வாய்க்குள் விரலை விட்டுத்தான் இனி பல் துலக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு, அம்மாவைப் பார்த்தாள். டார்லா பட்டியலைப் புரட்டினாள். "இருபத்தாறாவது, பல் துலக்கும் பிரஷ், முழு நீளம்," என்று வாசித்தாள். மெர்வின் கடைக்குப் போய்ப் புதிதாக மூன்று வாங்கிவந்தான். வெட்டியவற்றையும் விட மனமில்லாமல் சேர்த்து வைத்தான். இவ்வாறு பாரம் குறைந்துகொண்டே வந்து, புறப்படுகிற அன்று காரின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலுக்கு முன்னால் சரளைக்கல் கொட்டிய பெரிய மைதானம். ஆயத்தப் பரிசோதனைத் திடல் என்று பலகை. பக்கத்தில் இன்னொரு பலகையில் ஏரியின் வண்ணப்படம் ஒட்டியிருந்தது. உண்மையான ஏரி அதற்குப் பின்னால் மூன்று கிலோமீட்டர். திடலில் முப்பது, நாற்பது கார்கள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் தார்ப்பாய் விரித்து, ஒரு குடும்பம் தன் வாழ்க்கை முழுவதையும் வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தது.

பரிசோதகர் ஒருவர்தான். பெயர் பிளெட்சோ, இருபத்தைந்து வயதிருக்கும். மன்னிப்புக் கேட்காமல் அவர் எதையும் மறுத்ததில்லை. மாலை ஆறு மணிக்கு ஃபென்விக் குடும்பத்திடம் வந்தார்.

"மன்னிக்கணும் மேடம், கூடாரம் இருக்குன்னு தெரியுது. ஆனா அது நிக்குமான்னு எனக்குத் தெரியாதே."

கூடாரத்தை நிற்கவைத்துக் காட்டினார்கள்.

"அடுப்பு எரியுதுன்னு பார்க்கணும்."

எரித்தார்கள். எரிகிற அடுப்பை வீணாக்குவானேன் என்று மெர்வின் சாசேஜ்களைப் போட்டான். மூவரும் சாப்பிட்டார்கள். பிளெட்சோ காத்திருந்து, உணவுப்பெட்டியைத் திறந்து எண்ணினார்.

"நாலு நாளைக்குச் சாப்பாடு இருக்கணும். இதுல மூணேமுக்கால் நாளைக்குத்தான் இருக்கு. மன்னிக்கணும்."

"நீங்க எரிச்சுக் காட்டச் சொன்னீங்க," என்றாள் டார்லா.

"எரிக்கத்தான் சொன்னேன், சாப்பிடச் சொல்லலையே மேடம். டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடுங்க. வெளிய போய்ட்டு வந்தா, முதல் சாமான்ல இருந்து மறுபடி பார்க்கணும். அதுக்கும் மன்னிக்கணும்."

அன்று இரவு நிரூபணத்துக்காகப் போட்ட கூடாரத்திலேயே படுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாசேஜ் வாங்கிவந்து மறுபடி பரப்பினார்கள். இந்த முறை மடிக்கிற வாளி விரிய மறுத்தது. வாளி என்பது தண்ணீர் பிடிக்கும் நிலையில் உள்ள வாளியையே குறிக்கும் என்று பட்டியலில் அடிக்குறிப்பு இருந்தது. மெர்வின் முழங்காலை அதன்மேல் வைத்து அழுத்தினான். வாளி அவன் விரலைக் கவ்விக்கொண்டது. பிளெட்சோ வருத்தத்தோடு முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒட்டுத்துணி ஒன்று செலவானபின் ஐம்பத்து மூன்றாவது சாமானில் ஒன்று குறைவதைக் குறித்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் பின்பக்கம் இத விட அழகா இருக்கும்," என்றாள் ஜோனி.

"வாயை மூடிட்டு கயிறைச் சுத்து," என்றாள் டார்லா. நான்கு நாளில் இரண்டு போயாகிவிட்டது.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் மூவரும் அறுபத்திரண்டாவது சாமானைப் பிரித்துத் தார்ப்பாயில் சீட்டாட உட்கார்ந்தார்கள். மெர்வின் கட்டுப் போட்ட விரலோடு மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றான். ஜோனி சிரித்துச் சிரித்துப் பின்னால் சாய்ந்தாள். ஹாலிஃபாக்ஸில் தனியாக இருக்கப் பயமாயிருக்கிறதென்று, யாரும் கேட்காமலே, சீட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

டார்லா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பக்கத்துத் தார்ப்பாய் அவள் கண்ணில் பட்டது. விண்ட்சரிலிருந்து வந்த ஒரு மனிதர் பன்னிரண்டாவதை வைக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்றாவதை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இரு கண்ணு," என்று எழுந்து போனாள்.

"அண்ணே, விளக்கு அங்க வராது. கயிறைக் காட்டுங்க. இது பதினஞ்சு மீட்டர் இல்ல, பதினாலுதான் இருக்கும்."

அளந்தார்கள். பதினாலரை. அந்த மனிதர் அவளை மரியாதையோடு பார்த்தார். அவர் மனைவி தங்கள் மழைத் திட்டத்தைக் கொண்டுவந்து ஒரு தடவை வாசித்துப் பார்க்கச் சொன்னாள். அதற்குள் அடுத்த காரில் கண்ணாடி அலமாரியும் கம்பளமும் கொண்டு காட்டுக்கு வந்திருந்த ஓர் இளம் ஜோடி, அவளைத் தங்களிடமும் வரச்சொன்னது. டார்லா திரும்பி வந்தபோது சீட்டுக்கட்டு உறைக்குள் போயிருந்தது. ஜோனி காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பிளெட்சோ தயங்கித் தயங்கி வந்தார்.

"மன்னிக்கணும் மேடம். நான் ஒருத்தன், கார் நாற்பது. நீங்க நேத்து பார்த்த ரெண்டு குடும்பமும் ஒரே தடவையில தேறிட்டாங்க. கொஞ்சம் கைகொடுப்பீங்களா?"

தன்னார்வலருக்கான ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை நீட்டினார். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நானா துணை என்று கேட்கத்தான் டார்லா அதைக் கையில் வாங்கினாள். போட்டுப் பார்த்தால் அளவு கச்சிதமாக இருந்தது.

மதியத்துக்குள் திடலின் நிலவரமே மாறிவிட்டது. பிளெட்சோ மன்னிப்புக் கேட்டு மறுத்தார், டார்லா கேட்காமல் மறுத்தாள். நாற்பத்தேழு எங்கே என்றால் மக்கள் ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். இருபத்தோரு வருடமாக ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்த குரலுக்கு இவர்கள் எம்மாத்திரம். மூன்று நாளாக நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், கடைசியில் கண்டிப்பான ஒருவர் கிடைத்தார் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் குடித்தாள். விதியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

"டார்லா, நாம எப்ப உள்ள போறது?" என்று மெர்வின் கேட்டான்.

"வரிசைப்படி வருவேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஃபென்விக் குடும்பத்தின் முறை வந்தது. தன் குடும்பத்தைத் தானே பரிசோதிப்பது முறையல்ல என்று டார்லா விலகிக்கொள்ள, பிளெட்சோ பார்த்தார். வாளி, ஒட்டுத்துணி, தீர்ந்த சாப்பாடு எல்லாவற்றையும் மெர்வின் டவுனிலிருந்து வாங்கிவந்திருந்ததால் எண்பத்து நான்கும் இருந்தன. சான்றிதழில் கையெழுத்தாயிற்று. மறுநாள் பதினொரு மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆனாலும் ஒரு மாலையும் ஒரு விடியலும் மிச்சமிருந்தன.

மெர்வினும் ஜோனியும் எல்லாவற்றையும் மேலாக அடுக்கி, காரை வாசலின் தடுப்புக் கம்பம்வரை கொண்டுவந்தார்கள். ஜோனி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ம்மா, ஏறு. படகு எடுத்துக்கலாம். நீயும் நானும் மட்டும் போலாம்."

டார்லா திடலைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு கார்கள் புதிதாக வந்திருந்தன. அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. இவங்க காத்துக்கிட்டு இருக்காங்க, விட்டுட்டு வர முடியாது," என்று சொல்லிக் கம்பத்தைத் தூக்கக் கை வைத்தவள், பழக்கதோஷத்தில் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"இதுல மூணு பேருன்னு போட்டிருக்கு."

"மூணாவது ஆள் நீதாம்மா," என்றாள் ஜோனி.

"அது எனக்குத் தெரியும். ஆனா வண்டியில ரெண்டு பேர்தான் இருக்கீங்க. ஆளுக்கு ஒரு விசில்னுதான் விதி, ரெண்டு பேருக்கு மூணு எதுக்கு? சாப்பாடு கணக்கும் மாறுதில்ல?"

மெர்வின் பிளெட்சோவைப் பார்த்தான். பிளெட்சோ தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் சார். மேடம் சொல்றது சரி."

ஜோனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மெர்வின் காரைப் பின்னால் எடுத்தான்.

வரிசையில் நின்றவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. டவுனுக்குப் போய்வந்ததால் மறுபடி வரிசைக்கு வந்திருந்த விண்ட்சர்க்காரர் முதலில் கைதட்டினார். அதே காரணத்தால் திரும்பியிருந்த கண்ணாடி அலமாரி ஜோடி சேர்ந்துகொண்டது. "சொந்தப் பொண்ணையே உள்ள விடல பாருங்க," என்று ஒரு பெரியவர் தழுதழுத்த குரலில் சொன்னார். "இந்த மாதிரி நாலு பேர் இருந்தா போதும், நாடு உருப்பட்டுடும்." சொல்லிவிட்டு, நான்காவது முறையாகத் தன் சாமான்களை உற்சாகமாக இறக்க ஆரம்பித்தார்.

டார்லாவுக்குக் கண் கலங்கியது. மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டு, கணவனும் மகளும் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்து போனாள்.

"சரி, முதல் சாமான்ல இருந்து ஆரம்பிங்க," என்றாள்.