ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மெத்தைக் கடையும் நலம். அங்கே தாங்களும் என் மகளும் தங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தாயார் மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் இருக்கிறார்களா என்பதை மட்டும் பக்குவமாக விசாரித்து எனக்குச் சொல்லவும். ஏன் கேட்கிறேன் என்பது பின்னால் வரும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அது எப்போது சும்மா கிடக்கிறது, எப்போது நம் வீட்டுப் பேச்சை ஊருக்கு ஒலிபரப்புகிறது என்று தெரிவதில்லை. இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் யோசனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கும்போது அது குறை சொல்வதுபோல் தெரிந்தால் குற்றம் நடந்ததன் மேல்தான், என் மேல் இல்லை.

நம் தொழிலின் சங்கடம் தங்களுக்குத் தெரியும். நான் போடும் இலவம்பஞ்சு மெத்தை பதினைந்து வருஷம் உழைக்கிறது. என் வியாபாரத்துக்கு முதல் எதிரி அதுதான். ஊரில் எல்லோரும் என்னிடம் வாங்கிவிட்டார்கள், எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள், ஒருவரும் திரும்பி வருவதில்லை. புதிதாகக் கல்யாணம் ஆகிறவர்களோ பக்கத்து டவுனில் திறந்திருக்கும் ஸ்பாஞ்ச் மெத்தைக் கடைக்குப் போய்விடுகிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைத் தங்களிடம் சொன்னேன். மதியச் சாப்பாடு முடிந்து, கடையின் முன்பக்கம் மாதிரிக்குப் போட்டிருக்கும் இரட்டை மெத்தையில் தாங்கள் சாய்ந்திருந்தீர்கள்.

"மாமா, உங்க சரக்குல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தத் தெருவத் தாண்டி யாருக்கும் தெரியலையே" என்றீர்கள்.

"அதுக்கு என்ன மாப்பிள்ளை பண்றது?"

"விளம்பரம் பண்ணணும் மாமா. பெரிசா செலவே ஆகாது. ஒரு சுவரு, ஒரு மைக்கு, ஒரு போனு. அவ்வளவுதான்."

பட்டணத்தில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் மாப்பிள்ளை வாயால் வந்த வார்த்தை ஆயிற்றே என்று நான் பேனாவை எடுத்தேன். தாங்கள் கண்ணைத் திறக்காமலேயே வாசகத்தையும் சொன்னீர்கள்: ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தவர், விளக்குப் போடும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். அவள் தங்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் சுவர். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே டாக்டரின் மருத்துவமனைச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. டாக்டர் நல்ல மனிதர். எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். பெயின்டரை ஊரில் 'பாதி' என்று கூப்பிடுவார்கள். எந்த வேலையையும் அவர் அதுவரைக்கும்தான் செய்வார் என்பதால் வைத்த பெயர். ஆனால் கூலிக்குப் பதிலாக ஒரு தலையணை போதும் என்றார், வேறு யார் அப்படிச் சொல்வார்கள். அவர் வாசகத்தை ஆள் உயரச் சிவப்பு எழுத்தில் வெகு அழகாக எழுதினார். கடையின் பெயரை நீலத்தில் எழுதினால்தான் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, நீலப் பெயின்ட் வாங்க டவுனுக்குப் போனார். போனவர் அங்கே ஏதோ உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். தலையணையையும் கையோடு கொண்டுபோயிருந்தார்.

ஆக, சுவரின் மேல்பக்கம் டாக்டரின் பெயரும் பட்டங்களும். அதற்கு நேர் கீழே, சிவப்பில், ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். கடை என்றோ மெத்தை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பேருந்தைவிட்டு இறங்கிய நோயாளிகள் அதைப் படித்துவிட்டு அதே பேருந்தில் ஏறிப் போய்விட்டார்களாம். உள்ளே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்த ஒருவர், பார்க்க வந்த தம்பி படித்துச் சொன்னதைக் கேட்டு, பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். டாக்டர் கடைக்கு வந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஐயா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? போன மாசம் உங்க முதுகுவலிக்கு நல்ல ஊசியாத்தானே போட்டேன்" என்றார்.

நானே சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று பூச்சு பூசியும் அந்தச் சிவப்பு மறையவில்லை. 'பாதி' வாழ்க்கையில் கெட்டியாகச் செய்த ஒரே வேலை அதுதான் போலிருக்கிறது. தங்களுக்குப் போன் செய்தபோது, "அது இடத்தோட கோளாறு மாமா, வாசகத்தோட கோளாறு இல்ல. மைக்ல போட்டுப் பாருங்க" என்றீர்கள்.

மைக்கில் போட்டேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அறிவிப்புச் சொல்கிறவர் ஒருவர் இங்கே உண்டு. நாளைக்குக் கரண்ட் இருக்காது, கன்றுக்குட்டியைக் காணவில்லை, இன்னார் இறந்துவிட்டார், இந்த மூன்றும்தான் அவருடைய தொழில். மூன்றுக்கும் ஒரே குரல். என் எதிரிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டினார். கேட்டதும், யார் போய்விட்டார்கள் என்று நானே கேட்கப் பார்த்தேன்.

"கொஞ்சம் சந்தோஷமாச் சொல்லுங்க தம்பி."

"சந்தோஷமாத்தான் அண்ணே சொல்றேன். இதுக்கு மேல எனக்கு வராது."

சரி, குரலா மெத்தை விற்கப்போகிறது, வாசகம்தானே என்று அனுப்பிவைத்தேன். 'நமது ஊர் மெத்தைக் கடைக்காரரிடம் வாங்குங்கள், ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள், குடும்பத்துடன் வாருங்கள்' என்பதுதான் நான் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கென்று நல்ல காற்று. வயல்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு 'மெத்தைக் கடைக்காரர்' என்பதும், 'படுத்தால்' என்பதும், 'எழுந்திருக்கவே மாட்டீ' என்பதும்தான் போய்ச் சேர்ந்தன. குடும்பத்துடன் வரச்சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. வந்தார்கள்.

நான் உள்ளே தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அரிசி ஆலைக்காரர், என்னோடு ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர், குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கமான மனுஷன். ஒரு நாளும் பஞ்சுல கை வச்சதில்ல." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டிய கோலத்தோடு நன்றி சொல்ல வெளியே வந்தேன். முன்வரிசைப் பெண்கள் பின்வரிசைக்குப் போனார்கள். ஆலைக்காரர் மட்டும் நகரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படியா" என்றார். பிறகு, "அந்த ரெண்டாவது தலையணை மட்டும் வாங்கினப்பவே கட்டி தட்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதென்று உங்கள் அத்தை எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் என் மெத்தைகளின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். நன்றாக இருக்கிறதென்று அமுக்கியும் பார்த்தார்கள். ஒருவராவது வாங்கவேண்டுமே. "எழவு கேக்க வந்துட்டு சாமான் வாங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்" என்று ஒரு அம்மா என் காதுபடச் சொன்னார். நான் இருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகும் அவருக்கு அது எழவு வீடுதான். அன்று மாலை அத்தை என்னிடம், "இன்னும் போன் ஒண்ணுதான் பாக்கி. அதையும் பண்ணிட்டு நிம்மதியா உக்காருங்க" என்றாள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நேரலை என்று ஒன்று உண்டு, காசே கிடையாது, உலகமே பார்க்கும் என்று தாங்கள் சொல்லி, எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்பதையும் என் மகளைவிட்டுச் சொல்லவைத்தீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஞ்சு மூட்டையின் மேல் போனைச் சாய்த்துவைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வணக்கம் சொல்லி, இலவம்பஞ்சின் குணங்களைச் சொன்னேன். பிறகு, படுத்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகப் படுத்தேன்.

மாப்பிள்ளை, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சுவர், மைக் என்று இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. மெத்தையும் நான் போட்டது. விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. போன் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் என் குறட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பெரியவர் வாய் மூடினார், யாராவது மூச்சு வருதா பாருங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'வந்துடுச்சு' என்று இன்னொருவர்.

குறட்டையோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அத்தை கடைக்குள் தையல் மெஷினில் உட்கார்ந்து, எதிர்வீட்டு டீச்சரோடு வேலை விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தாள். போனில் நேரலை ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பேச்சு பின்னணியில் தெளிவாகவே விழுந்திருக்கிறது என்று பிறகு அதைப் போட்டுக் கேட்டபோது தெரியவந்தது. அதைத் தாங்களோ தங்கள் தாயாரோ கேட்டிருந்தால், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விளக்கங்கள்.

'அந்த அம்மா வாயைத் திறந்தா மூட நாலு பேர் வேணும்' என்று வருவது தலையணை உறையைப் பற்றியது. எங்கள் தொழிலில் உறையின் திறந்த பக்கத்தை வாய் என்போம். ஒரு வாடிக்கைக்கார அம்மா கொடுத்த துணியில் அது அகலமாகிவிட்டது. 'பார்க்கத்தான் வாட்டசாட்டம், உள்ள ஒண்ணும் கிடையாது' என்பது டவுன் கடையின் ஸ்பாஞ்ச் மெத்தை. 'நாலு நாள் அசையாம கிடந்துட்டு யோசனை சொல்லிட்டுப் போயிடுச்சு' என்பதும் அந்த ஸ்பாஞ்ச் மெத்தையாகத்தான் இருக்கவேண்டும். யோசனை என்ற சொல் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை, மெஷின் சத்தத்தில் அப்படிக் கேட்டிருக்கலாம். 'நம்ம பொண்ணு தலையில கட்டிட்டாங்க' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதற்கு நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். தாங்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

விளையாட்டாக எழுதுவதுபோல் இருக்கலாம், ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் தங்கள் வீட்டில் வாழ வந்தவள். இங்கே பேசிய பேச்சுக்கு அங்கே அவள் முகம் வாடக்கூடாது. மெத்தை விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். இது அப்படி இல்லை. அவள் போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்பா" என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டாள். நன்றாக இருப்பவர்கள் அப்படிச் சுருக்கமாகப் பேசுவார்களா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மறுநாளிலிருந்து ஆர்டர் வருகிறது. இரவு வேலை பார்க்கும் நர்சு, லாரி ஓட்டுகிறவர்கள், வரன் பார்க்கும் வீட்டுக்காரர்கள் என்று யார் யாரோ கேட்கிறார்கள். கையிருப்புப் பஞ்சு தீர்ந்து, புதிதாகச் சொல்லிவிட்டிருக்கிறேன். நான் தூங்கியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதன் வாயால் சொன்னால் நம்பாதவர்கள், குறட்டையால் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். ஆகவே தங்கள் யோசனை மூன்றில் ஒன்று பலித்தது. மற்றவற்றுக்காக எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இனிமேல் விளம்பரம் வேண்டாம் மாப்பிள்ளை. தங்கள் தாயாரிடம் உறை விஷயத்தை மட்டும், தாங்களாகவே தெரிந்துகொண்டதுபோல எடுத்துச் சொல்லவும்.

தாங்களும் என் மகளும் இரவில் கவலையில்லாமல் உறங்கி, காலையில் சண்டையில்லாமல் விழித்து, பல்லாண்டு இருக்கவேண்டும். தங்கள் தாயாருக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. கடிதத்தை ஒட்டிப் போடச்சொல்லிக் கொடுத்தார். ஒட்டுமுன் படித்தேன். தலையணை உறையைப் பற்றி நான் அன்றைக்குப் பேசவே இல்லை. உங்கள் அம்மாவைப் பற்றியும் உங்களைப் பற்றியும்தான் பேசினேன். அன்று சாயங்காலமே உங்கள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார்கள். அவர்கள், "நாலு பேர் வேணும்னு சரியாச் சொன்னீங்க சம்பந்தி. எங்க வீட்டுல மூணு பேர்தான், அதான் என்னை மூட முடியல" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு, "என் பையனப் பத்திச் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கமாட்டான்" என்றார்கள். அதிலிருந்து தினமும் பேசுகிறோம். வருகிற ஆர்டர் எல்லாம் இவர் குறட்டைக்கு வந்ததில்லை. அந்த நர்சு உங்கள் அம்மாவின் அக்கா மகள். லாரிக்காரர்கள் உங்கள் சித்தப்பா ஆட்கள். உங்கள் அம்மா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், செலவு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இங்கே வந்து, புதுப் பஞ்சு விற்றுத் தீரும்வரை கடையில் என்னோடு உட்காரப்போகிறார்கள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், சிரிப்பை அடக்கமுடியாமல்தான் போனைச் சீக்கிரம் வைத்தாளாம். நீங்களும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் உங்கள் தட்டை நீங்களே கழுவி வைக்கவேண்டும். இது உங்கள் அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு.