தண்ணீர் தேங்காத இரண்டாவது குறுக்குத் தெரு

மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்பது இயற்கை. நிற்கிறதா என்று விசாரிக்க ஓர் அலுவலகம் வைப்பது நிர்வாகம். தாம்பரம் பக்கத்தில் மழைநீர்த் தேக்கக் கண்காணிப்பு அலுவலகம் உண்டானது அப்படித்தான்.

அதற்கு ஆப் எழுதிக் கொடுக்கிற கம்பெனியில் ஊரப்பாக்கம் தமிழினிக்கு வேலை. அவள் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். ஜனங்கள் அனுப்பிய புகாரெல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. "எந்தெந்தத் தெருவில் தண்ணீர்?" என்று கேட்டால் பதில் வரும், அங்கே தண்ணீர் இறைக்க மோட்டார் போகும். பாக்கி ஒன்றுதான். வருகிற பதிலை எதில் போட்டுக் கொடுப்பது?

"லிஸ்ட்ல கொடுத்துடலாம் சார்," என்றாள்.

கம்பெனியின் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் ராகவேந்திரா முகத்தைச் சுளித்தார். பெங்களூர் மாநாட்டில் காபி குடித்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு லிஸ்ட் என்றால் போன தீபாவளிச் சட்டை.

கண்காணிப்பு அலுவலக அதிகாரி சவுரிமுத்துவுக்கும் பிடிக்கவில்லை. "லிஸ்ட்னா முதல் தெருன்னு ஒண்ணு வரும். ரெண்டாவதா வர்றவன் சும்மா வுடுவானா?"

"அப்ப செட் சார். முன்னே பின்னே கிடையாது. ஒரே பேரு பலதடவை வந்தா ஒண்ணா ஆக்கிடும்," என்றார் ராகவேந்திரா.

ஓட்டிப் பார்த்தார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து பொழிச்சலூர் வரைக்கும் எந்த நகரில்தான் இரண்டாவது குறுக்குத் தெரு இல்லை? அத்தனையும் சேர்ந்து ஒரே தெருவாகி நின்றது.

"சார், அப்ப மோட்டார் எந்த நகருக்குப் போவும்?"

"ஏதோ ஒண்ணுக்குப் போவும்மா. புகார் எவ்ளோ கொறஞ்சிருக்கு, அதப் பாரு!" சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மிஞ்சிய கொஞ்சம் தெருக்கள் அவரை உறுத்தின.

"ஸ்ட்ரீம் இருக்கு சார். லேட்டஸ்ட். ஒரு தடவை பார்த்தா உள்ள இருக்கிற பேரெல்லாம் தீர்ந்துடும், மறுபடி பார்க்க முடியாது," என்றார் ராகவேந்திரா.

"ஒரு தடவை தாராளம். இதுவரைக்கும் யாரு பார்த்தா? ஆனா மேலிடம் மறுபடி கேட்டா?"

ராகவேந்திரா யோசித்தார். "தண்ணியே இல்லாத நாள்ல காலி லிஸ்ட் கொடுக்கணும் சார். ஒண்ணுமே கொடுக்கலேன்னா ஆப் கவுந்துடும். காலி லிஸ்ட்னா கவுறவே கவுறாது."

"கவுறவே கவுறாதா?"

"கவுறாது சார்."

"அப்ப எல்லா நாளும் அதையே கொடுத்துடு."

பொதுநலன் கருதி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

தமிழினிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் தெரியாமல் நிஜ லிஸ்டையே எழுதி வைத்தாள், நகர் பேரோடு. வீட்டுக்குள் தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடி வந்தாள்.

"அப்பா, நாளைக்கு லிஸ்ட்ல நம்ம தெருதான் முதல்ல! மோட்டார் வந்துடும்!"

செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் சம்மணம் போட்டிருந்த ஜெயவேலு பதறினார். ஏரி ஓரத்தில் நாற்று நட்டவர். இப்போது ஏரி ஓரத்தையே ப்ளாட் போட்டவர்.

"இன்னாடி சொல்ற? துபாய் பார்ட்டி அந்த ஆப்பைப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ் போடும். நம்ம தெரு பேரு வந்தா எவன் வாங்குவான்? தெருவே சேர்ந்து என்னை ஒதைக்கும்!"

"அப்ப தண்ணி?"

"தண்ணி தானா வடியும். வெல வடிஞ்சா ஏறுமா? பேரே வராத மாதிரி வேற எதுலயாவது போட்டுக் குடேன்மா!"

தமிழினி கட்டிலில் ஏறி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினாள்.

அடுத்த வாரம் அத்தனை தெருவுக்கும் "தண்ணீர் தேங்காத தெரு" சான்றிதழ் வந்தது. நேரில் கொடுக்க வந்த சவுரிமுத்துவின் பேன்ட் நனையாமலிருக்க, ஜெயவேலு அவரை முதுகில் சுமந்துபோய்க் கட்டிலில் உட்காரவைத்தார். சான்றிதழை லேமினேட் செய்து, சுவரில் ஆணி அடிக்கப் போனார்.

"இன்னும் கொஞ்சம் மேலப்பா," என்றாள் தமிழினி. "அங்க தண்ணி எட்டும்."