சில்லுச் சப்பாத்தும் வழியில் நின்ற ஸலாமும்

எத்தாளை,
சனிக்கிழமை.

அன்பு மகன் ஸியாதுக்கு, உன் வாப்பா செய்னுலாப்தீன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும் உம்மாவும் தங்கச்சி ரிஃப்காவும் உன் மகளும் ஆடுகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். முத்தலிபு ஹாஜியாரின் இடுப்பு மட்டும் அவ்வளவு சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கத்தாரில் நீயும் நோய் நொடியில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன்.

மகனே, எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொன்னால் போதாதா என்று உம்மா கேட்கிறாள். போனில் நான் பேசினால் நீ "ஓம் வாப்பா, ஓம் வாப்பா" என்று சொல்லிக்கொண்டே சோறு தின்பாய். கடிதத்தை அப்படி ஏமாற்ற முடியாது. பக்கத்து வீட்டுப் பாயிஸ் இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வேனில் விமான நிலையம் போகிறான். அவனிடம் கொடுத்தால் நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் ஸலாம் எழுதும்போது உம்மா கொடியில் போட்ட ஈரச் சாரம், இந்த வரிக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது. என் வேகம் அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் அப்ராவுக்கு நீ அனுப்பிய பட்டி வைத்த கறுப்புச் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது, குதிக்குள் சில்லை, உருளும் சின்னச் சக்கரத்தை, ஒளித்து வைத்திருக்கிறது. நம் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்ட பிறகு ஊரிலேயே மணல் இல்லாத பாதை அது ஒன்றுதான். அதில் அப்ரா காற்றாகப் போகிறாள். போனால் போகட்டும். ஆனால் நீ அவளை மரியாதையாக வளர்த்துவிட்டாய், அதுதான் தொல்லை. கடையடியில், மருந்தெடுக்கும் வரிசையில், பாண் ரொட்டி வாங்கும் இடத்தில், யாரைக் கண்டாலும் குனிந்து ஸலாம் சொல்கிறாள். கேட்டவர் வாயைத் திறந்து பதில் ஸலாம் சொல்வதற்குள் அவள் பள்ளிவாசல் மூலையைத் தாண்டிவிடுகிறாள். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சொன்ன பதிலை யாரிடம் ஒப்படைப்பது? முன்வீட்டு றஹ்மத் உம்மா முதல் நாள் "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று தொடங்கி மீதியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார். மறுநாள் முதல் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். "அவள் திரும்பி வருவாள்தானே, முழுசாச் சொல்லாம நான் எழும்ப மாட்டேன்" என்கிறார். அவள் திரும்பி வருகிறாள், வந்த வேகத்தில் இன்னொரு ஸலாமும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இது பள்ளிவாசலில் பெரியவர்கள் உட்காரும் வாங்குப் பலகை வரைக்கும் போய்விட்டது. வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அப்ரா வாகனமா, நடையா? மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர்கள் அஸர் வரைக்கும் கதைத்தார்கள். பாண் கொண்டுவரும் பஸ்தியான் கூடத் தன் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "பெற்றோல் அடிக்காட்டி அது வாகனம் இல்ல நானா" என்றான். "அப்ப சைக்கிள்?" என்று ஒருவர் கேட்டார். பஸ்தியான் பாண் விற்கும் பாட்டைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. நேற்று நடந்ததுதான் பெரிய விஷயம்.

புத்தளத்து உப்பு வியாபாரி முத்தலிபு ஹாஜியார், தன் மகன் ஹஸ்மிக்கு நம் ரிஃப்காவைக் கேட்டு நேற்று வந்தார். நல்ல மனிதர், நல்ல குடும்பம். ஹஸ்மியின் போட்டோவை ரிஃப்கா பார்க்காத மாதிரிப் பார்த்ததை உம்மா பார்த்தாள். ஆகையால் இதில் எந்தப் பிழையும் வந்துவிடக்கூடாது என்று நாங்கள் இருந்தோம். அப்ராவிடம் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே இருக்கச் சொன்னேன். வைத்தாள். அங்கேதான் என் மரியாதை குறுக்கே வந்தது. வந்தவர்கள் உள்ளே வட்டிலாப்பம் சாப்பிடும்போது, அவர்கள் போகும்போது காலை நுழைத்தால் போதும் என்று, வாசலில் கிடந்த செருப்புகளைப் பாதையைப் பார்க்கத் திருப்பி வைப்பது நம் வீட்டுப் பழக்கம். ஹாஜியாருக்கு இரத்தத்தில் சீனி வருத்தம், டொக்டர் சொன்னபடி பட்டி வைத்த கறுப்புச் சப்பாத்துத்தான் போடுகிறார். ஆள் சின்ன உருவம், கால் சின்னது. உன் மகளோ பன்னிரண்டு வயதிலேயே உன் காலைக் கொண்டவள், இரண்டு சோடியும் ஒரே அளவு. கண்ணாடி எழுத்துக்கு மட்டும்தான் என்று நான் அதை மேசையில் வைத்திருந்தேன். இரண்டு கறுப்புச் சோடியில் நல்லதாகத் தெரிந்ததை, துடைத்து, நடு வாசலில், நேராகத் திருப்பி வைத்தேன்.

ஹாஜியார் வெளியே வந்தார். பெரிய மனிதர்கள் கீழே பார்த்துச் செருப்புப் போடுவதில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மிச்சத்த நாளைக்கு ஸியாத் மகனோட கதைச்சு" என்று சொல்லியபடியே காலை நுழைத்தார், கீழே பாராமலே ஒரு கையை எடுத்துப் பட்டியை ஒட்டினார், நிமிர்ந்து சற்றுப் பின்னால் சாய்ந்தார். அவ்வளவுதான். உம்மாவின் முழங்காலுக்காக நான் படியை உடைத்துப் போட்ட சாய்வுச் சீமெந்து உனக்கு நினைவிருக்கும். என் கையில் இருந்த கை வழுகியது. ஹாஜியார் தொப்பியோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயிலைத் தாண்டி, ஒழுங்கையைக் குறுக்கே கடந்து போனார். ஆனால் நான் ஒன்று சொல்வேன், மகனே. அந்த நிலையிலும் அவர் மரியாதை தவறவில்லை. எதிரே கதிரையில் றஹ்மத் உம்மாவைக் கண்டதும், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் போய், அவர் வாசலில் குவித்திருந்த மீன் வலையில் விழுந்தார். றஹ்மத் உம்மா எழும்பி நின்று, ஒரு சொல் விடாமல் முழுப் பதிலையும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இவராவது நின்டு வாங்கிட்டுப் போறார்" என்றார்.

நாங்கள் எல்லாரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம். ரிஃப்கா மட்டும் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, விரலில் சிக்கிய வலையை எடுத்துவிட்டாள். ஹாஜியார் தண்ணீரைக் குடித்தார், தன் சொந்தச் சப்பாத்தைத் தேடிப் போட்டார், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார், போய்விட்டார். நேற்றிலிருந்து ரிஃப்கா கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் மகனே, இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஹாஜியாருக்குப் போன் எடுத்து, மூத்த மகன் என்ற முறையில் மன்னிப்புக் கேள். இனிமேல் சில்லு உள்ள எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே. பிள்ளைகள் மற்றவர் நடமாடும் இடத்தில் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்பது என் முடிவு, அதை எழுத்தில் தந்துவிட்டேன். சப்பாத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி என் இடுப்பில். அப்ரா நிக்காஹ் ஆகும் வரைக்கும் அது அங்கேதான்.

அல்லாஹ் உன் ஆயுளையும் சம்பாத்தியத்தையும் பறக்கத்தாக்கிப் பெருக வைப்பானாக. உம்மா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். இது நிற்கும் ஸலாம், ஆறுதலாகப் பதில் சொல்.

உன் வாப்பா,
செய்னுலாப்தீன் (நானே போட்ட கையொப்பம்)

பின்குறிப்பு: கையொப்பத்தின் மை காயவில்லை, ஹாஜியார் போன் எடுத்தார். "இடுப்பு எப்படி ஹாஜியார்?" என்றேன். "இடுப்பு கிடக்கட்டும் நானா. நான் உழுந்து கிடக்க நீங்க அவ்வளவு பேரும் மண்ணுல என்னத்த தேடினீங்க என்டு எனக்குத் தெரியும். சிரிக்காம தண்ணி தந்தது உங்கட மகள் மட்டும்தான். அந்தப் புள்ளயத்தான் எங்களுக்கு வேணும். ஒரே ஒரு நிபந்தனை இரிக்கு" என்றார். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "நிக்காஹ் அன்டைக்கு என்ட சப்பாத்த ஒருத்தரும் திருப்பி வைக்கப்படாது. நானே குனிஞ்சு திருப்புவேன்."

தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து ரிஃப்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தாள் என்று உம்மா இப்போதுதான் சொல்கிறாள். இதை ஹாஜியாரிடம் சொல்லிவிடாதே. மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

இதை எழுதி முடிப்பதற்குள் அஸரும் தொழுதாயிற்று, பாயிஸின் வேன் சந்தியில் ஹோர்ன் அடிக்கிறது. என் காலால் எட்டாது. அலுமாரியைத் திறந்துவிட்டேன். நான் சாவியை எடுக்கும் முன்பே அப்ரா காலை நீட்டிக்கொண்டு நின்றாள். இனி யாருக்கு ஸலாம் சொன்னாலும் நின்று பதிலை முழுசாக வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்லி, "ஓம் மூத்தாப்பா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுக்கிறேன். றஹ்மத் உம்மா வாசலில் கதிரையோடு இருக்கிறார். பல நாள் பாக்கி அவர் கையில் இருக்கிறது. இந்தக் கடிதம் பாயிஸோடு வராமல் இரண்டு கிழமை கழித்துத் தபாலில் வந்தால், உன் மகள் மரியாதையாக நடந்துகொண்டாள் என்று விளங்கிக்கொள்.