கிளிப் பெடலும் மாமியார் கோலமும்

கொள்கைப் பிடிவாதம் உள்ளவர்கள் கிளிப் பெடல் வைத்த சைக்கிள் ஓட்டக் கூடாது. ஒன்று கொள்கையை வைத்துக்கொள்ளலாம், இல்லை பெடலை வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் வைத்துக்கொண்டு திருச்சி முழுக்கச் சுற்றியவள் என்பதால் சொல்கிறேன்.

என் கொள்கை ரொம்பச் சாதாரணம். மாமியார் காலில் விழ மாட்டேன், அவ்வளவுதான். பெரிய புரட்சிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். (எங்கள் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனாலே பந்தியில் உட்காருவதற்குள் பாதி ஊர் காலில் விழுந்து எழ வேண்டும். அதெல்லாம் செய்து பழகிய உடம்புதான் இது.) எனக்கு ஆகாதது அந்த ஒரு ஜோடிக் கால் மட்டும்தான்.

நான் ரைஸ் மில்காரர் மகள். முகுந்தன் ஸ்ரீரங்கத்துக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். என் அப்பா கொஞ்ச நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கோபித்துக்கொண்டார், அப்புறம் அவரே போய்ப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். முகுந்தனின் அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. மாமனார் முன்னமே தவறிவிட்டார், பிள்ளையும் ஒரே பிள்ளை. அந்தம்மாவுக்கு மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு ஒரு ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதிக்குப் போனோம். அத்தை (நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வாசல் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்துத் தூணைப் பார்த்தபடி, "அவளை முதல்ல விழுந்து சேவிக்கச் சொல்லுடா. அப்புறம் பேசறேன்" என்று மகனிடம் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, இந்த நிமிஷமே விழறேன்" என்று நானும் முகுந்தனிடமே சொன்னேன். அவர் பார்க்கவில்லை, நான் விழவில்லை. நடுவில் நின்ற முகுந்தன் டென்னிஸ் மேட்ச் பார்க்கிறவர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தார். வந்த ஆட்டோவிலேயே திரும்பி வந்துவிட்டோம்.

அதிலிருந்து இரண்டு வருஷம் ஓடியது. முகுந்தன் தினமும் சாயங்காலம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே அத்தை, மகன் இளைத்துப்போய்விட்டான் என்று நெய் ஊற்றிப் போடுவார். சாப்பிட்டேன் என்று சொன்னால் இங்கே என் முகம் சுருங்கும் என்பதால், தில்லைநகர் வீட்டுக்கு வந்து மறுபடியும் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிடுவார். தீபாவளி, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு பொம்பளைகளின் ரோஷமும் அந்த மனுஷன் வயிற்றில் போய்ச் சேர்ந்தது. சட்டைப் பட்டன் தெறித்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் அவர் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தினமும் சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார்.

துணைக்கு நானும் ஓட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்பது என் வியாதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுகிற ஒரு குழுவில் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் கிளிப் பெடல் போட்டிருந்தார்கள். அதற்கென்று ஒரு ஷூ உண்டு. அடியில் ஒரு உலோகத் துண்டு இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். மிதிக்கிற பலம் ஒரு துளி வீணாகாது. காலை எடுக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், மேலே தூக்கினால் வராது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள். ஆனால் விழப்போகிறோம் என்று தெரிந்ததும் மனுஷ ஜென்மம் காலை மேலேதான் தூக்கும்.

ஓடும்போது ஒன்றும் ஆகாது. நிற்கும்போதுதான் விழுவோம். முதல் நாள் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். பதில் சல்யூட் வைத்தேன். நெற்றியில் வைத்த கை வைத்தபடியே மெதுவாக இடது பக்கம் சாய்ந்து செம்பருத்திச் செடிக்குள் போய்ச் சேர்ந்தேன். அந்த மனுஷர் அதற்கப்புறம் எனக்கு சல்யூட் வைப்பதையே விட்டுவிட்டார்.

அடுத்து ஒரு சிக்னல். விழாமல் இருக்கப் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்தது, ஆட்டோ கிளம்பியது, நானும் கூடவே கிளம்பினேன். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா சாவகாசமாக, எங்கே இறங்கணும் என்று விசாரித்தார். காந்தி மார்க்கெட் வாசலில் அடுக்கி வைத்திருந்த சின்ன வெங்காய மூட்டையில் சாய்ந்து நின்றபோது மூட்டை தூக்குகிறவர் வந்து, கொஞ்சம் நகருங்க மேடம் என்றார். நகர முடியாதுங்க என்றேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். மூட்டையை எடுத்துவிட்டார். அன்றைக்கு வெங்காயத்தை உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்தது.

முகுந்தன் கெஞ்சிப் பார்த்தார். அவருடையது சாதாரணப் பெடல், நிம்மதியாகக் காலை ஊன்றி நிற்பார். "உனக்கு எதுக்கு செல்வி இந்த வம்பு?" என்று கேட்பார். வம்பை விலை கொடுத்து வாங்கியவள் சும்மா விடுவேனா?

அது மார்கழி. ஞாயிற்றுக்கிழமை, இன்னும் சரியாக விடியவில்லை. காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். வைகுண்ட ஏகாதசிக்காக வழியில் சவுக்குக் கட்டை கட்டித் தடுத்திருந்தார்கள். போலீஸ்காரர் எங்களை உள்ளே ஒரு தெருவுக்குத் திருப்பிவிட்டார். அந்த முனையில் முகுந்தனுக்குச் செயின் கழன்றுகொண்டது. நீ போ, வந்துடறேன் என்று குனிந்தார். குனிந்தவர் அது எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, பட்டப்பகலில், கோபத்தோடு வந்துபோன தெருவை மார்கழி இருட்டில் எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?

தெரு முழுக்கக் கோலம். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் கோலம் வாசலோடு நிற்காது, நடுத்தெரு வரைக்கும் வரும். நான் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஒரு மாமி முதுகைக் காட்டிக் குனிந்து தெருவை அடைத்து ஒரு பெரிய கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு பசுமாடு படுத்திருந்தது. போவதென்றால் கோலத்தின் மேலேதான் போக வேண்டும்.

ஏறிப் போயிருக்கலாம். வேற்று ஊர்க்காரர் யாராவது என்றால் போயே இருப்பார். பாதிக் கோலத்தில் சக்கரத்தை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. காலை மேலே தூக்கினேன்.

சாய்ந்தேன். விழுகிற நேரத்தில் சத்தம் கேட்டு அந்த மாமி திரும்பினார். பாதி வழியில்தான் முகத்தைப் பார்த்தேன். அது அத்தை. பெருமாளே, வேற எந்த வாசலும் கிடைக்கலையா உனக்கு என்று மனசுக்குள் அலறியபடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக அவர் கோலத்தின் மேல் விழுந்தேன். விரல் நுனி அவருடைய கால்விரலைத் தொட்டது. கோலத்து நடுவில் வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த பூசணிப்பூ, சாணி உருண்டையோடு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

ஹெல்மெட் தலையோடு நிமிர்ந்து பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தார். தூணை இல்லை, மாட்டை இல்லை, என்னைத்தான். கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பத்மா மாமி ஓடி வந்தார். "ஏண்டி, இது உன் மாட்டுப்பொண்ணுன்னா?" என்றார்.

அத்தை என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏந்துக்கோ" என்றார் என்னிடம். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"முடியல அத்தை" என்றேன். சத்தியமான உண்மை. இரண்டு காலும் பெடலில் பூட்டியிருந்தது, சைக்கிள் மேலே கிடந்தது.

"போறும். ஏந்துக்கோ."

"முடியல அத்தை."

பத்மா மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நீ மன்னிச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் அவள் எழுந்திருக்க மாட்டாள், கல் மனசா உனக்கு என்று அத்தையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நாலு வாசல்களில் கோலம் போடுகிற கை நின்றது. நான் பதறிப்போய், "அத்தை, அது வந்து இந்தப் பெடல்ல..." என்று ஆரம்பித்தேன். அத்தை முடிக்க விடவில்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னிக்கு வாசல்ல வந்தவளை முகத்தைக்கூடப் பார்க்காம அனுப்பினேன். தப்பு என் பேர்லதான்" என்றார்.

அதைக் கேட்டதும் என் வாய் பாதி அடைத்துப்போனது. மீதியை அடைத்தது முகுந்தன். செயினை மாட்டிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவர் கண்ணால் பாருங்கள்: அவர் வாசல், அவர் அம்மா, அம்மா காலடியில் குப்புறக் கிடக்கிற நான். கையிலிருந்த சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, நடுத்தெருவில் நின்று அழுதார். சும்மா கண் கலங்குவது இல்லை, ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த குழந்தை அழுகிற அழுகை. இரண்டு வருஷமாக இரண்டு வீட்டிலும் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட மனுஷன். இவருக்குள் இவ்வளவு இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெடலைப் பற்றி நான் அப்போதைக்கு மூச்சு விடவில்லை.

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முட்டி வலியோடு குனிந்து, என் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார். நான் பாதி எழுந்தேன், சைக்கிளும் கூடவே எழுந்தது. "அதையும் விட மாட்டேங்கறாளே" என்றார் பத்மா மாமி. முகுந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து என் குதிகாலைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அத்தை தன் புடவைத் தலைப்பால் என் கன்னத்துச் சாணியைத் துடைத்தார். "ஆத்துக்குள்ள வா" என்றார்.

காபி குடித்து, சுடச்சுடப் பொங்கல் சாப்பிட்டு முடிகிற வரை பொறுத்திருந்தேன். பொய்யாக ஒரு பேரை வாங்கிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. ஷூவைக் கழற்றி அடியைக் காட்டி, நடந்தது இதுதான் அத்தை என்று சொல்லிவிட்டேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, சரி. இன்னும் கொஞ்சம் பொங்கல் போட்டுக்கோ" என்றார். நம்பவே இல்லை. கௌரவத்துக்காகச் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். முகுந்தனும் நம்பவில்லை. நான் விழுந்ததை எத்தனை தடவை பார்த்தவர் அவர்!

சாயங்காலத்துக்குள் செய்தி கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் போய்விட்டது. அப்பா மில் சத்தத்துக்கு நடுவிலிருந்து போன் போட்டு, பெரியவங்க கால்ல விழுந்ததுல ஒண்ணும் குறைஞ்சு போயிடல, நல்ல காரியம் பண்ணினே என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த வாரமே அத்தையையும் பத்மா மாமியையும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இப்பப் பாருங்க, நிறுத்தினா எப்படி விழறேன்னு என்று சைக்கிளில் ஏறிப் போய், அவர்கள் முன்னால் பிரேக் பிடித்தேன். சனியன், கால் அழகாக வெளிப்பக்கம் திரும்பி, 'டக்'கென்று கழன்று, பூப்போலத் தரையில் ஊன்றியது. மறுபடி ஏறினேன், மறுபடியும் கழன்றது. அவ்வளவு நாள் வராத வித்தை அன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டது. இரண்டு மாமிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது அத்தை பாதி நாள் எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், முகுந்தன் உள்ளறையிலிருந்து, சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வைக்கட்டுமா செல்வி என்று கேட்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். வர வர நான் அழுதுகொண்டே விழுந்ததாகவும் சேர்த்துவிட்டார்.

போன மாசம் என் சித்தி வந்திருந்தார். மறுபடி அதே கதை. நான் பொறுக்க முடியாமல் குறுக்கே விழுந்து, அத்தை, நூறு தடவை சொல்லிட்டேன், நான் வேணும்னு விழலை என்றேன்.

அத்தை கறிகாய் நறுக்குவதை நிறுத்தினார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ எப்படி விழுந்தியோ எனக்குத் தெரியாதுடி. நான் வேணும்னுதான் தூக்கினேன்."

சித்தி என்னைப் பார்த்தார். நான் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து பாதிப் பீன்ஸை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.