பொட்டு வைத்த துப்பாக்கி

கரையாம்புத்தூர்,
பவ வருஷம் ஐப்பசி 8ஆம் தேதி.

சைகோன் பட்டணத்தில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை சிவப்பிரகாசம் அவர்களுக்கு, மாமன் அரங்கநாதன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அத்தை அம்சவள்ளி, உழவு மாடு இரண்டு, சினைப் பசு ஒன்று, எல்லாரும் சுகம். தாங்கள் லீவில் வந்தபோது விட்டுச் சென்ற துப்பாக்கிதான் சுகமில்லை. தாங்களும் என் மகள் கஸ்தூரியும் சுகமாயிருப்பதற்குக் கப்பல் தபாலில் எழுதவும்.

நம் கரும்பில் விழும் பன்றியைத் தாங்கள் அறிவீர்கள். பகலெல்லாம் வாய்க்காலுக்கு அந்தண்டை இங்கிலீஷ்காரன் எல்லையில் புதருக்குள் தூங்கிவிட்டு, விடியற்காலையில் எந்த உத்தரவும் இல்லாமல் இந்தண்டை வந்து பிரெஞ்சு எல்லைக் கரும்பைத் தின்கிறது. அரைக் காணிக்கு மேல் சாய்த்துவிட்டது. மீதியும் போனால் இந்தத் தை மாதம் நம் கொப்பரையில் பாகு கொதிக்காது, நான் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. அதனால்தான் தங்கள் துப்பாக்கியையே நம்பியிருந்தேன்.

குறி பார்க்கும் விதத்தைத் தாங்கள் எழுதிய கடிதத்தை ஒரு மாதமாகத் தினம் இரண்டு வேளை உரக்கப் படித்தேன். கண்ணுக்கு அருகே உள்ள தகட்டில் ஒரு சின்னத் துளை, குழலின் முனையில் ஓர் ஊசி. துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியாக ஊசியைப் பார்க்க வேண்டும், ஊசி தானாகவே நடுவில் வந்து நிற்கும், அதன் தலையில் குறியை உட்கார வைத்துவிட்டு மூச்சைப் பிடித்து விசையை மெல்ல அழுத்த வேண்டும், துளை மங்கலாகத்தான் தெரியும், அதற்காகப் பயப்பட வேண்டாம், இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனப்பாடம். வீட்டு மாடுகளுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

இதற்கிடையே போலீஸ் பிரிகாதியே சாமிநாதன் வந்து, எண்பது தப்படியில் ஒரு பானையைச் சுட்டு உடைத்துக் காட்டினால்தான் துப்பாக்கி உத்தரவு நிற்கும் என்று சொல்லிவிட்டார். முதல் வேட்டு நல்ல நாளில் இருக்கட்டும் என்று நானே விஜயதசமியைக் கேட்டு வாங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்வது! முதல் நாள் ஆயுத பூசை. ஏர், அரிவாள், கரும்பு ஆலை எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் வைத்து உங்கள் அத்தை சந்தனமும் குங்குமமும் இட்டாள். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது, எடுத்தால் நேரே தொழிலுக்குத்தான் எடுக்க வேண்டும். நானும் அப்படியே கும்பிட்டுத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

ஊரே கூடியிருந்தது. பனங்கட்டை மேல் பானை. பிரிகாதியே தம் சிவப்புத் தொப்பியோடு ஒரு தென்னையின் கீழ் ஒதுங்கி நின்றார். நான் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் கொடுத்து, கன்னத்தை ஒட்டி, துளைக்குக் கண்ணை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. துளை மங்கலாகத் தெரியும் என்றுதானே எழுதினீர்கள்? எனக்கோ அடியோடு இருட்டு. ஆகா, மாப்பிள்ளை சொன்னதற்கும் மேலே தேறிவிட்டோம் என்று பூரித்துப்போய், திறந்திருந்த இடது கண்ணில் பட்டதை நம்பி, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். வேட்டு கிளம்பியது, பனங்கட்டைப் பானை அசையவில்லை. ஆனால் தென்னை உச்சியில் கட்டியிருந்த கள்ளுப் பானை சுக்குநூறாக உடைந்து, அத்தனை கள்ளும் பிரிகாதியேயின் தொப்பி வழியே சட்டைக்குள் இறங்கியது.

“இன்னாய்யா இது? பானைய சுடச் சொன்னா எங்க சுட்ட?”

“அதுவும் பானைதானுங்களே” என்றேன். பொய்யா சொன்னேன்?

அவர் துப்பாக்கியைப் பிடுங்கித் துளையைச் சுண்டுவிரலால் குத்திப் பார்த்தார். காய்ந்த சந்தனம் கட்டியாக வந்து விழுந்தது. “இன்னாத்த வச்சி அடச்சீங்க?” என்று கத்தினார். உங்கள் அத்தை கூட்டத்துக்குள்ளிருந்து கொஞ்சமும் அசராமல், “பொட்டு வச்சேங்க. அது ஒண்ணுதான் கண்ணாட்டம் இருந்துது. பின்ன கட்டையிலயா வெப்பாங்க?” என்றாள். ஊர் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் ஏரியை விட்டுப் பறந்தது. பிரிகாதியே மட்டும் சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பன்றி விழாவிட்டால் உத்தரவு ரத்து, துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஈ மொய்க்க நடந்து போனார்.

துளை சுத்தமான பிறகு நாலு விடியல் பரணில் உட்கார்ந்தேன். துளையைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கத் துளையைத்தான் பார்க்கிறேன். ஊசியைத் தேடினால் பன்றி தொலைகிறது, பன்றியைத் தேடினால் ஊசி தொலைகிறது, இரண்டும் கிடைத்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆறு தோட்டா போச்சு. நேற்று பன்றி கரும்பை மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தது மாப்பிள்ளை. அழுகையே வந்துவிட்டது. ஆகையால் என் முடிவான அபிப்பிராயம்: இந்தத் துளைக் குறி வைத்துப் பன்றி சுட இந்தக் கொம்யூன் ஊர்களில் பிறந்த எவராலும் முடியாது. நாளையே துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிறேன். கரும்பைப் பன்றிக்கே விட்டுவிட்டேன். இது விஷயமாகத் தாங்கள் இனி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

மகள் கஸ்தூரிக்கு என் ஆசி. தாங்கள் இருவரும் தீர்க்காயுசாக, வீடு நிறையப் பிள்ளைகளோடு வாழ அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
மாமன் அரங்கநாதன்

பின்குறிப்பு: விடியும் நேரத்தில் இதை எழுதி முடித்து, உறை ஒட்டக் கொஞ்சம் கூழ் கேட்டு உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். ஆளைக் காணோம். துப்பாக்கியையும் காணோம். கரும்புக் கொல்லைப் பக்கம் ஒரே ஒரு வேட்டுச் சத்தம். ஓடினேன். எதிரே வந்து, “பன்னி வுழுந்து கெடக்குது. நாலு ஆளக் கூட்டியாங்க” என்றாள். எப்படிச் சுட்டாய் என்று கேட்டதற்கு, “நீங்க மாசம் பூரா படிச்சத நானுந்தான கேட்டுக்கினு இருந்தேன்? தெருக்கதவு ஓட்டை வழியா யாரு வராங்கன்னு பாக்கசொல்ல ஓட்டையையா பாப்பாங்க?” என்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது, சந்தோஷம்தான் அதிகம். மேலே எழுதிய யாவையும் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்னும் இரண்டு பெட்டி தோட்டா அனுப்பவும். உத்தரவு என் பெயரில் இருப்பதால் விலாசத்தில் என் பெயரையே போட்டு, கடிதத்தை மட்டும் அத்தைக்கு எழுதவும். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.