மாடி ஒருவருக்கு, மாடிப்படி ஒருவருக்கு

அன்பிலும் வயதிலும் மூத்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், விமானப் போக்குவரத்துத் துறையின் துணைச் செயலாளன், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நான் நம்புகிறேன். உங்கள் தங்கை நம்பவில்லை. வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள்.

பக்கத்து நாட்டுடன் நமக்கிருந்த விமான ஒப்பந்தம் காலாவதியாகி, நேரடி விமானங்கள் நின்றுபோனதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வானத்தில் பறக்கலாம், இறங்கக் கூடாது என்கிறோம் நாங்கள். இறங்கிக்கொள்ளுங்கள், ஆள் ஏற்றக் கூடாது என்கிறார்கள் அவர்கள். உங்கள் மருமகளுக்கு, என் மகளுக்குத்தான், அந்த நாட்டில் அடுத்த மாதம் பிரசவம். அவள் அம்மா தினமும் வாசலிலேயே என்னை மறித்து, "இன்னைக்காவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்கிறாள், ஏதோ மின்கட்டணம் கட்ட மறந்தவனைக் கேட்பதுபோல. சுற்றுவழியில் மூன்று விமானம் மாறிப் போகலாமே என்றேன். "போலாம். நான் போய்ச் சேரும்போது புள்ள பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்றாள்.

இந்த நிலையில் நடுநிலையான ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, ஆளைத் தேடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆவலாகத்தான் இருந்தது. நடுநிலையானவரை நான் அதுவரை பார்த்ததில்லை. முதலில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பிடித்தேன். அப்பழுக்கற்றவர். ஆனால் அவர்களுடைய விமானம் ஒருமுறை அவர் பெட்டியைத் தொலைத்திருக்கிறது. "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார் பெருந்தன்மையாக. உடனே நம் குழுத் தலைவர் என்னைத் தனியே இழுத்துப் போய், "மன்னிச்சவன்தான்யா ஆபத்து. தான் நல்லவன்னு காட்டிக்க அவங்க பக்கமே சாய்வான்" என்றார். அடுத்து ஒரு பொருளாதாரப் பேராசிரியர். இரண்டு நாடுகளும் முட்டாள்கள் என்று புத்தகமே எழுதியவர். இதைவிட என்ன நடுநிலை வேண்டும்? அவர்கள் குழுத் தலைவி அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, "உங்களை ஒரு அத்தியாயம் முழுக்கத் திட்டியிருக்கார். எங்களுக்கு ஒரு அடிக்குறிப்புதான். எங்களை ஒரு பொருட்டாவே மதிக்கல" என்று வருத்தப்பட்டார். விமானத்தில் ஏறியவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு மனக்குறை இருக்கிறது, ஏறாதவர்களுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. இப்படியே ஆள் மாற்றி ஆள் பார்த்து, கடைசியில் எல்லோரும் தேநீரைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, பொழுதுபோகட்டும் என்று எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக் கதையைச் சொன்னேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் நீங்கள் வீட்டைப் பிரித்துக் கொடுத்தது நினைவிருக்கும். மாடி அவருக்கு, மாடிப்படி எனக்கு. அவர் ஏறவும் இறங்கவும் என் அனுமதி வேண்டும். மாடிப் பரணில் கிடக்கும் எங்கள் பெட்டிகளை எடுக்க எனக்கு அவர் அனுமதி வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒற்றுமையாகச் செய்யும் ஒரே காரியம் உங்களைத் திட்டுவதுதான். இதைச் சொன்னதும் அவர்கள் தலைவி கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் சம அளவு திட்டுறீங்களா?" என்று கேட்டார். ஏறக்குறைய சமம்தான் என்றேன். "அவர் விமானத்துல போயிருக்காரா?" என்றார் நம் தலைவர். உயரம் என்றால் உங்களுக்கு ஆகாது, நாற்காலியில் ஏறி விளக்கு மாட்டக்கூட ஆள் கூப்பிடுவீர்கள் என்றேன். இந்தப் பேச்சுவார்த்தை தொடங்கியதிலிருந்து இரு தரப்பும் ஒரே நேரத்தில் தலையாட்டியதை அப்போதுதான் பார்த்தேன்.

ஆகவே மச்சான், உடனே புறப்பட்டு வாருங்கள். ரயிலில்தான் வர வேண்டும். நீங்கள் விமானம் ஏறினால் தகுதி போய்விடும் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களை நம்பித்தான் உங்கள் தங்கை இருக்கிறாள். வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு வெந்நீர்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்கும் மாடிப்படிக்கும் உரிமையாளன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தலைவர்கள் இருவரும், வீடு பிரித்த உங்கள் தீர்ப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்போது பார்த்து அண்ணன் மேலிருந்து, "தம்பி, இறங்கலாமா?" என்று குரல் கொடுத்தார். "விருந்தாளி இருக்காங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவர் நின்றார். விருந்தாளிகள் அண்ணனைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பியைத் தொடாமல் எழுந்துபோய், வாசலில் நின்ற காரிலேயே பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பறக்கலாம், இறங்கலாம், ஏற்றலாம். எனவே நீங்கள் வர வேண்டியதில்லை. ஆனால் வரவில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். முதல் விமானம் கிளம்பும்வரை அவர்களுக்கு அந்தப் பயம் இருக்கட்டும்.

மகள் பிரசவத்துக்குக் கிளம்பும் உங்கள் தங்கையின் பெட்டியை அண்ணனே பரணிலிருந்து எடுத்துக் கீழே கொண்டுவந்து கொடுத்தார். படிக்கு அனுமதி கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. இதைத் தீர்ப்பை மீறியதாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.